கோலுக்கும் கோல்ஃபுக்கும் உறவு உண்டா? – வாசகர் கேள்வி–பதில்

‘கோல்ஃப்’ என்ற சொல்லைப் பற்றி வந்த கேள்விகளை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

‘ஜென்டில்மென் ஒன்லி, லேடீஸ் ஃபர்பிடன்’ என்ற நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்துதான் ‘கோல்ஃப்’ ஆனது என்று வாட்ஸ்அப்பில் படித்தேன். உண்மையா?
– வாசகர், சென்னை

இல்லை. ஆங்கிலச் சொற்களைப் பற்றிச் சுற்றிவரும் கட்டுக்கதைகளில் இதற்கு ஆயுள் கெட்டி. ஆனால் மூன்று இடங்களில் உடைகிறது.

முதலாவது, காலம். ‘கோல்ஃப்’ என்ற சொல் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய உறுதியான இடம் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் ஒரு தடைச் சட்டம். அதன் தேதி 1457 மார்ச் 6. (அன்று அங்கே ஆண்டு மார்ச் 25-ல்தான் பிறந்தது. ஆகவே இன்றைய கணக்கில் அது 1458. இரண்டு ஆண்டுகளையும் புத்தகங்களில் பார்க்கலாம், குழம்ப வேண்டாம்.) முதலெழுத்துச் சுருக்கங்கள் பழங்காலத்திலும் உண்டு. ஆனால் அவற்றைச் சேர்த்து வாயில் ஒரு சொல்லாக உச்சரித்து, அன்றாடப் பெயர்ச்சொல்லாகவே புழங்கும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டில் பரவியது. ரேடார், லேசர் எல்லாம் அந்த வகை. 15ஆம் நூற்றாண்டில் ஒரு மேய்ச்சல் வெளி விளையாட்டுக்கு யாரும் அப்படிப் பெயர் சூட்டியிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது, எழுத்துக்கூட்டல். 1491-ல் வந்த இன்னொரு தடைச் சட்டம் இந்தச் சொல்லை ‘கௌஃப்’ என்று வாசிக்கும்படி எழுதுகிறது. அதில் ‘எல்’ என்ற எழுத்தே கிடையாது. லேடீஸைத் தடை செய்ய வேண்டிய சொல்லில் லேடீஸே இல்லை! சுருக்கத்திலிருந்து பிறந்த சொல்லானால் எழுத்துகள் நிலையாக இருக்க வேண்டும். இந்தச் சொல்லோ எழுதுபவர் காதில் விழுந்தபடியெல்லாம் மாறுகிறது. வாய்வழியாக வளர்ந்த சொல்லின் அடையாளம் அது.

மூன்றாவது, பெண்கள் ஆடினார்கள். எடின்பரோவுக்குப் பக்கத்தில் உள்ள மஸ்ஸல்பரோவில் மீன் விற்கும் பெண்களுக்காக 1811 புத்தாண்டையொட்டி ஒரு போட்டி அறிவிக்கப்பட்டது. நன்றாக ஆடும் பெண்ணுக்குப் பரிசு ஒரு மீன்கூடையும் சால்வையும். அடுத்த நிலைகளுக்குப் பட்டுக் கைக்குட்டைகள். ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற கோல்ஃப் ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் பெண்களுக்கான சங்கம் 1867-லேயே தொடங்கிவிட்டது.

பொய்யென்றால் ஏன் சாகவில்லை? அதில் பாதி உண்மை ஒட்டிக்கொண்டிருப்பதுதான் காரணம். சொல் பெண்களைத் தடுக்கவில்லை, சங்கங்கள் தடுத்தன. 1754-ல் தொடங்கிய செயின்ட் ஆண்ட்ரூஸ் ‘ராயல் அண்ட் ஏன்ஷியன்ட்’ சங்கம் பெண்களை உறுப்பினராக்க வாக்களித்தது 2014-ல். மியூர்ஃபீல்டு மைதானத்தை வைத்திருக்கும் எடின்பரோ சங்கம் 2017-ல்தான் இறங்கிவந்தது. நடப்பு அப்படி இருக்கும்போது அதற்கேற்ற ‘சொற்பிறப்பை’ யாரோ ஒரு கெட்டிக்காரர் செய்துகொடுத்துவிட்டார்.

இனி இப்படி ஒரு செய்தி வந்தால் சோதிக்க எளிய வழி உண்டு. அந்தச் சொல் முதலில் எழுத்தில் வந்த ஆண்டைப் பாருங்கள். 1900-க்கு முன்பு என்றால் முதலெழுத்துக் கதையைப் பெரும்பாலும் தள்ளிவிடலாம். பிறகு பழைய எழுத்துக்கூட்டல்களைப் பாருங்கள். கடைசியாக, விரித்துச் சொல்லும் அந்த முழுத்தொடர், சுருக்கத்துக்கு முன்பே எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். ‘நியூஸ்’ என்பது நான்கு திசைகளின் ஆங்கில முதலெழுத்து என்ற கதையும் இந்தச் சோதனையில் தோற்றுவிடும். அது ‘புதியவை’ என்ற பொருளில் வந்த பன்மைச் சொல்.

அப்படியானால் உண்மையான பொருள்தான் என்ன? டச்சுச் சொல் என்கிறார்களே?
– வாசகர், திருச்சி

பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் விளக்கம் இது. நெதர்லாந்துப் பகுதியில் பேசிய பழைய டச்சு மொழியில் ‘கொல்ஃப்’ என்றால் ஒரு முனை தடித்த கோல். நம் குண்டாந்தடி மாதிரி. அதன் உறவுச் சொற்கள் பக்கத்து மொழிகளில் நிறைய. ஸ்காண்டிநேவியாவில் வழங்கிய பழைய நார்ஸ் மொழியின் ‘கோல்ஃப்ர்’ என்பது மணியின் நாக்கைக் குறிக்கும். ஜெர்மனின் ‘கோல்பென்’ துப்பாக்கியின் அடிக்கட்டை, எஞ்சினின் பிஸ்டன், சோளக்கதிர், வேதியியல் குடுவை என்று பல வேலை பார்க்கிறது. எல்லாவற்றுக்கும் பொது ஒன்றுதான்: ஒரு பக்கம் மெலிந்து மறுபக்கம் குண்டாக இருக்கும் பொருள்.

கருவியின் பெயர் ஆட்டத்துக்குப் பெயராவது நமக்குப் புதிதல்ல. கிட்டியும் புள்ளும் சேர்ந்து ‘கிட்டிப்புள்’ ஆனதைப் போலத்தான்.

வழியும் பொருத்தமாக இருக்கிறது. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரைக்கும் நெதர்லாந்துக்கும் நடுவே வட கடல் மட்டுமே. ஆட்டுரோமமும் தோலும் இங்கிருந்து போயின, சரக்குகள் அங்கிருந்து வந்தன. கோல்ஃப் பிறந்த ஊர்கள் என்று சொல்லப்படும் லீத், செயின்ட் ஆண்ட்ரூஸ் எல்லாம் அந்தக் கிழக்குக் கரையில்தான் இருக்கின்றன. 1618-ல் ஸ்காட்லாந்து அரசர் ஆறாம் ஜேம்ஸ் உள்ளூரில் பந்து செய்யும் உரிமையை ஒருவருக்கு 21 ஆண்டுக்குத் தந்தார். பந்து வாங்க ஆண்டுதோறும் பொன்னும் வெள்ளியும் நாட்டைவிட்டுப் போகிறதே என்பது அவர் சொன்ன காரணம்.

ஆனால் இங்கேதான் ஆங்கில அகராதிக்காரர்கள் கையை உயர்த்துகிறார்கள். சிக்கல் இரண்டு.

ஒன்று, முதல் ஒலி. தமிழில் எழுதினால் இந்தச் சிக்கல் கண்ணுக்கே தெரியாது, நமக்கு இரண்டும் ‘க’ தான். டச்சுச் சொல் ‘கடல்’ என்பதில் வரும் வல்லொலியில் தொடங்குகிறது. ஸ்காட்லாந்துச் சொல் ‘தங்கம்’ என்பதில் வரும் மெலிந்த ஒலியில் தொடங்குகிறது. அவர்களிடம் இரண்டு ஒலிகளும் தனித்தனியாக இருந்தன. வல்லொலியை ஏன் மெலித்தார்கள்? டச்சுக்காரர் அந்த ஒலியை மூச்சு விடாமல் சொல்வதால் பிரிட்டன் காதுக்கு மெலிந்து கேட்டிருக்கும் என்று சமாதானம் சொல்லலாம். நிரூபணம் ஆகாது.

இரண்டு, டச்சு ஆவணங்களில் இந்தச் சொல் கோலைத்தான் குறிக்கிறது, ஆட்டத்தை அல்ல. 1360-ல் பிரஸ்ஸல்ஸ் நகரத்து ஆணை, கோலால் பந்தடிப்பவருக்கு 20 ஷில்லிங் அபராதம், இல்லாவிட்டால் மேலாடை பறிமுதல் என்கிறது. 1387-ல் பிரீலா நகரத்துக்குத் தந்த சாசனம், நகர மதிலுக்கு வெளியே கோலால் பந்தடிக்க விலக்கு அளிக்கிறது. இரண்டிலும் ‘கோலால் அடித்தல்’ தான். பந்து குழியில் விழவேண்டுமா, கம்பத்தில் படவேண்டுமா, ஹாக்கி மாதிரி எதிரணியைத் தாண்ட வேண்டுமா என்பதை அந்த வரிகள் சொல்வதில்லை. ‘கோலால் பந்தடித்தார்கள்’ என்ற ஒரு வரியைக் கண்டதும் ‘கோல்ஃப் ஆடினார்கள்’ என்று மொழிபெயர்ப்பதுதான் இந்தத் துறையில் வழக்கமாக நடக்கும் பிழை.

ஸ்காட்ஸ் மொழியில் ‘கௌஃப்’ என்றால் அறை, அடி என்ற பொருளும் உண்டு. அதிலிருந்துதான் ஆட்டத்தின் பெயர் வந்தது என்பது மற்றொரு கட்சி. ஆட்டத்திலிருந்து அடிக்கு அந்தப் பெயர் போயிருக்கவும் வழியுண்டு என்பதால் அந்தக் கட்சியும் பலவீனமானதே. நம் கணிப்பு டச்சுக் கோலின் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் அதை ‘நிறுவப்பட்டது’ என்று எழுதினால் தவறு.

கோல்ஃப் கோலால் ஆடப்படுகிறது. தமிழில் ‘கோல்’ என்றால் தடி. எனவே இது தமிழ்ச் சொல்லே என்று ஒரு பேச்சாளர் சொன்னார்.
– வாசகர், மதுரை

கைதட்டல் வாங்கியிருப்பார். ஆனால் ஒத்த ஒலி உறவுக்குச் சான்று ஆகாது.

‘கொல்ஃப்’, ‘கோல்ஃப்ர்’, ‘கோல்பென்’ என்ற உறவுச் சொற்கள் அனைத்திலும் கடைசி இதழொலி வேரின் பகுதி, பின்னால் ஒட்டவைத்த வால் அல்ல. அதை வெட்டிவிட்டு ‘கோல்’ என்று மிச்சத்தை மட்டும் காட்டுவது நியாயமில்லை. தமிழில் நெடில், டச்சில் குறில் என்பதும் கணக்கில் வர வேண்டும். அதைவிட வலிமையான தடை காலம். சொல் 1457-ல் ஸ்காட்லாந்துச் சட்டத்தில் இருக்கிறது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் கால் வைத்தது 1498-ல். அதற்கு 41 ஆண்டு முன்பு ஒரு தமிழ்ச் சொல் ஸ்காட்லாந்தின் சாமானிய மக்கள் வாயில் புழங்க வழி எது?

ஆங்கிலத்துக்குப் போன உண்மையான தமிழ்ச் சொற்களைப் பாருங்கள்: கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர். ஒவ்வொன்றுக்கும் யார் கொண்டுபோனார்கள், எந்தப் பொருளோடு போனது என்ற தடம் இருக்கிறது. அந்தத் தடம்தான் சான்று.

தமிழோடு ஒப்பிட ஆசையென்றால் ‘செண்டு’ இருக்கிறது. பந்துக்கும் அந்தப் பெயர், ஐயனார் கையில் உள்ள வளைந்த செண்டாயுதத்துக்கும் அந்தப் பெயர், குதிரை செலுத்தும் திடலும் செண்டுவெளி. அடிக்கும் பொருளும் அடிபடும் பொருளும் இடமும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுவது மொழிகளில் எப்படி நடக்கிறது என்பதற்கு அழகான எடுத்துக்காட்டு அது. உறவு கொண்டாடத் தேவையில்லை.

கோல்ஃபைத் தடை செய்த சட்டம் என்று படித்தேன். அந்த ஆட்டத்தில் என்ன குற்றம் கண்டார்கள்?
– வாசகர், பாளையங்கோட்டை

குற்றம் ஆட்டத்தில் இல்லை, ஆடாமல் விட்ட வில்வித்தையில். இங்கிலாந்தின் வில்லாளிகளிடம் ஸ்காட்லாந்து வாங்கிய அடி கொஞ்சமல்ல. அதனால் இரண்டாம் ஜேம்ஸின் நாடாளுமன்றம் கால்பந்தையும் கோல்ஃபையும் ஒழித்துவிட்டு, ஊர்தோறும் இலக்குத்திடல் அமைக்கச் சொன்னது. ஒவ்வொருவரும் குறைந்தது ஆறு அம்பு எய்ய வேண்டும். வராதவருக்கு 2 பென்ஸ் அபராதம். அந்தக் காசு கஜானாவுக்குப் போகாது, ஒழுங்காக வந்தவர்கள் குடிப்பதற்குப் போகும்! சட்டம் எழுதியவருக்கு ஊர் மனம் தெரிந்திருக்கிறது.

ஆனாலும் பலிக்கவில்லை. 1471-லும் 1491-லும் அதே தடையைத் திரும்பப் போட வேண்டி வந்ததே அதற்குச் சாட்சி. 1502-ல் நான்காம் ஜேம்ஸ் அரசரே பெர்த் நகரத்து ஒருவரிடம் கோல்ஃப் கோல்கள் வாங்கியது கணக்கேட்டில் இருக்கிறது. விற்றவரின் தொழில்? வில் செய்வது.

ஒரு சொல்லின் வயதைக் கண்டுபிடிக்க இந்த மாதிரித் தடைகளும் கணக்கேடுகளும்தான் நம்பகமானவை. புகழ்ந்து எழுதுபவர் பிற்காலத்தில் கற்பனை சேர்ப்பார். அபராதம் விதிப்பவர் நடப்பதைத்தான் எழுதுவார்.

‘கல்ஃப்’ நாடுகளும் ‘கோல்ஃப்’ ஆட்டமும் ஒரே சொல்லா?
– வாசகர், காயல்பட்டினம்

வெவ்வேறு. வளைகுடாவைக் குறிக்கும் ‘கல்ஃப்’ கிரேக்கத்தின் ‘கோல்பாஸ்’ வழியாக இத்தாலியில் ‘கோல்ஃபோ’ ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கிரேக்கத்தில் அதற்கு மடி, மார்பு, விரிகுடா என்று பொருள். நிலம் மடி விரித்து வைத்திருக்கும் நீர். ஜெர்மன் மொழியில் வளைகுடாவும் ஆட்டமும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதப்படுவதால் குழப்பம் அங்கே இன்னும் அதிகம்.

தமிழில் எப்படி எழுதுவது? கோல்ஃப், கால்ஃப், கோல்ப் என்று மூன்றும் பார்க்கிறேன். தமிழ்ப்பெயர் ஏதும் உண்டா?
– வாசகர், ஈரோடு

உச்சரிப்புப்படி போனால் பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கு நெருக்கம் ‘கொல்ஃப்’, அமெரிக்கருக்கு ‘கால்ஃப்’, ஸ்காட்லாந்து ஊர்ப்பேச்சுக்கு ‘கௌஃப்’. ஒரு காலத்தில் இங்கிலாந்து மேட்டுக்குடியினர் லகரத்தை விழுங்கி ‘கோஃப்’ என்பது போலச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் ‘ஹாஃப்’, ‘காஃப்’ என்னும் சொற்களில் எழுதப்பட்டும் ஒலிக்காத ‘எல்’ இருக்கிறதே, அதே கதிதான். ‘எல்’லைச் சேர்த்துச் சொல்வது எழுத்தைப் பார்த்துப் படித்ததால் உறுதிப்பட்ட வழக்கம்.

ஆனால் தமிழில் ‘கோல்ஃப்’ என்ற வடிவம் நிலைத்துவிட்டது. அதை மாற்றப் போராடுவது வீண். ‘கோல்ப்’ மட்டும் வேண்டாம். ஆய்தம் இல்லாவிட்டால் வாசகர் பகர ஒலியாகவே படிப்பார். கால்பந்துச் செய்தியும் கோல்ஃப் செய்தியும் ஒரே பக்கத்தில் வந்தால் ‘கோல்’ அடித்ததாகக் கண் தடுக்கவும் செய்யும்.

தமிழில் ‘குழிப்பந்தாட்டம்’ என்ற பெயர் இருக்கிறது. நல்ல பெயர். மூலச்சொல் கோலைச் சொல்கிறது, தமிழ்ச்சொல் குழியைச் சொல்கிறது. ஆட்டத்தின் தனித்தன்மை கோலில் இல்லை, குழியில்தான் இருக்கிறது. கோலால் பந்தடிக்கும் ஆட்டங்கள் உலகெங்கும் உண்டு. 1744-ல் லீத் மைதானத்தில் எழுதிய 13 விதிகள்தான் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்து விதிகள். அவற்றின் முதல் விதியே குழியைத்தான் பிடித்துக்கொள்கிறது: முந்தைய குழியிலிருந்து ஒரு கோல் நீளத்துக்குள் பந்தை வைத்துத் தொடங்க வேண்டும். செய்தித் தலைப்பில் ‘கோல்ஃப்’, பள்ளிப் பாடத்தில் ‘குழிப்பந்தாட்டம்’ என்று இரண்டையும் வைத்துக்கொள்வதில் தவறில்லை.

விளையாட்டுச் செய்தியில் பார், போகி, பேர்டி, ஈகிள் என்று வருகிறது. ஒன்றும் விளங்கவில்லை. இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன?
– வாசகர், தஞ்சாவூர்

அடிப்படையைப் பிடித்துக்கொண்டால் சுலபம். கோல்ஃபில் குறைவாக அடித்தவரே வென்றவர். ஒவ்வொரு குழிக்கும் தேர்ந்த ஆட்டக்காரர் இத்தனை அடியில் முடிப்பார் என்று ஓர் எண் வைத்திருப்பார்கள். அதுதான் ‘பார்’. லத்தீனில் ‘சமம்’. பங்குச்சந்தையில் புழங்கிய சொல் இங்கே வந்தது. குழியைச் சுற்றியுள்ள புல்தரைக்குப் பந்தைக் கொண்டுவரும் அடிகளோடு, குழிக்குள் உருட்ட இரண்டு அடி என்று கணக்கு. பார் 4 என்றால் இரண்டடியில் புல்தரை, இரண்டடியில் குழி.

அந்தப் பார் 4 குழியை 3 அடியில் முடித்தால் பேர்டி, 2 அடியில் முடித்தால் ஈகிள், 5 ஆனால் போகி, 6 ஆனால் டபுள் போகி. பார் 5 குழியை 2 அடியில் முடித்தால் அதற்குப் பெயர் அல்பட்ராஸ். ‘பாருக்கு 4 கீழே’ என்பதைச் சிலர் ‘பின்தங்கினார்’ என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். கீழே போவதுதான் இங்கே முன்னேற்றம்.

இவற்றில் சுவையான கதை போகிக்கு. (நம் போகிப் பண்டிகைக்குச் சம்பந்தமில்லை.) 1890 வாக்கில் இங்கிலாந்தின் கவென்ட்ரியில், ஒவ்வொரு குழிக்கும் ஒரு நிலையான அடிக்கணக்கு வைத்து, மனித எதிரி இல்லாமல் அந்தக் கணக்கோடு மோதும் முறை வந்தது. அப்போது ‘போகி மேன்’ வருகிறான், ஒளிந்துகொள் என்ற மாதிரி ஒரு மேடைப்பாட்டு நாடெங்கும் ஓடிக்கொண்டிருந்தது. போகி மேன் என்றால் நம்ம ஊர்ப் பூச்சாண்டி. கண்ணுக்குத் தெரியாமல் நின்று, ஒருபோதும் தப்படி அடிக்காமல், எல்லாரையும் தோற்கடிக்கும் எதிரி பூச்சாண்டியாகத்தானே இருக்க முடியும்? கிரேட் யார்மத் ஊர்க்காரர்கள் அந்தப் பெயரை ஒட்டவைத்தார்கள், பிடித்துக்கொண்டது.

அதாவது போகி முதலில் நல்ல எண். பிறகு அமெரிக்கர்கள் ‘பார்’ கணக்கை இறுக்கமாக வகுத்துக்கொண்டார்கள். பந்தும் கோலும் மேம்பட்டு, பழைய போகி எண்ணிக்கை பல குழிகளில் பாரைவிட ஒன்று கூடுதலாகத் தெரிந்தது. பூச்சாண்டி பதவி இறங்கி ‘ஒன்று அதிகம்’ என்ற வசவாக மாறினான். பேர்டி அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டிக்காரர்களின் சொல். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ‘பறவை’ என்றால் ‘பிரமாதம்’ என்று கொச்சைப் பொருள். பறவை வந்ததும் கழுகும் (ஈகிள்) அல்பட்ராஸ் என்ற கடற்பறவையும் தாமாக வந்து சேர்ந்தன.

டீ, கேடி, லிங்க்ஸ், பட் – இவையும் டச்சுச் சொற்களா?
– வாசகர், கோவை

இல்லை. முதல் அடிக்குப் பந்தை வைக்கும் தாங்கியான ‘டீ’ ஸ்காட்ஸ் சொல். 17ஆம் நூற்றாண்டில் ‘டீஸ்’ என்று எழுதினார்கள். கடைசி ஒலியைப் பன்மை என்று நினைத்துப் பின்னால் வந்தவர்கள் வெட்டிவிட்டார்கள், ‘டீ’ மிஞ்சியது. அன்றைய டீ மரக்குச்சி இல்லை. ஒரு சிட்டிகை ஈர மணலைக் கூம்பாகப் பிடித்து அதன் மேல் பந்தை வைப்பார்கள். மணல் உலர்ந்திருந்தால் கூம்பு சரியும், அதனால் தொடங்குமிடத்தில் மணல் பெட்டியும் தண்ணீரும் இருக்கும். 1899-ல் பாஸ்டன் பல் மருத்துவர் ஜார்ஜ் கிராண்ட் மர டீக்குக் காப்புரிமை பெற்றார். கடைக்கு வந்து பரவியது 1920-களில், வேறொரு பல் மருத்துவரின் கைங்கரியத்தால்.

ஆட்டக்காரரின் கோல்களைச் சுமந்து வரும் ‘கேடி’ பிரெஞ்சின் ‘காடே’ வழி, ‘இளையவன்’ என்பது பொருள். எடின்பரோவில் சுமை தூக்கும், தூது போகும் ஆட்களை அப்படி அழைத்தார்கள். நம் ஊர் ரவுடிப் பட்டியல் ‘கேடி’ வேறு. கடலோரக் கோல்ஃப் மைதானத்தைக் குறிக்கும் ‘லிங்க்ஸ்’ பழைய ஆங்கிலத்தில் மேடு, கரை என்னும் பொருள் தந்த சொல். கடலையும் ஊரையும் ‘லிங்க்’ செய்யும் நிலம் என்பது பிற்காலக் கற்பனை. பந்தைக் குழிக்குள் உருட்டும் அடியான ‘பட்’ என்பது தள்ளுதலைக் குறிக்கும் ஸ்காட்ஸ் சொல். தமிழ் நாளிதழ்கள் ‘புட்’ என்று எழுதுவது தவறு, ‘பட்’ தான்.

கோல்ஃபுக்கும் மலாய் மொழிக்கும் தொடர்பு இருக்கிறது என்கிறாரே என் நண்பர்?
– வாசகர், ஈப்போ

ஆட்டத்தின் பெயருக்கு இல்லை, பந்துக்கு உண்டு. 1848 வாக்கில், அதுவரை ஆடிய இறகு அடைத்த தோல் பந்தை வீட்டுக்கு அனுப்பியது, ‘கட்டா பெர்ச்சா’ என்ற மரப்பிசினில் செய்த பந்து. ‘கெத்தா’ என்றால் மலாயில் மரப்பால் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இறகுப் பந்து செய்வது பெரும்பாடு. நனைத்த தோல் துண்டுகளைத் தைத்து, தையல் உள்ளே போகும்படி திருப்பி, சின்னத் துளை வழியாக ஒரு தொப்பி நிறைய ஈர இறகைக் குத்தித் திணிப்பார்கள். உலரும்போது தோல் சுருங்கும், இறகு உப்பும். இரண்டும் ஒன்றையொன்று நெருக்கிப் பந்து கல்லாக இறுகும். தேர்ந்த கைக்கும் நாளுக்கு மூன்று நான்கு பந்துதான். மழையில் நனைந்தால் தையல் விட்டுப்போகும்.

கட்டா பெர்ச்சாவை வெந்நீரில் போட்டால் மாவுபோல் இளகும். உருட்டி ஆறவைத்தால் பந்து தயார். அடிபட்டு உடைந்தாலும் திரும்ப உருக்கிக்கொள்ளலாம். விலை சரிந்தது, சாதாரண மக்கள் ஆட வந்தார்கள். தொடக்கத்தில் ஒரு கோளாறு: வழவழப்பான புதுப் பந்து சிறிது தூரத்திலேயே தலைகுப்புற விழுந்தது. அடிபட்டுக் கீறல் விழுந்த பழைய பந்தோ நன்றாகப் பறந்தது. கீறல் காற்றோட்டத்தைப் பந்தோடு ஒட்டவைத்து இழுவையைக் குறைப்பதே காரணம். அதைக் கண்டுகொண்டு, புதுப் பந்திலேயே சுத்தியலால் கொத்தி விற்றார்கள். இன்றைய பந்தின் சிறு குழிகள் அந்தக் கொத்தலின் வாரிசுகள்.

ஒரு விஸ்கி பாட்டிலில் 18 மடக்கு இருப்பதால்தான் 18 குழியாமே?
– வாசகர், புதுச்சேரி

குடிமக்கள் சொற்பிறப்பு! செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரு சுற்றுக்கு 22 குழிகள் இருந்தன. போகும்போதும் திரும்பும்போதும் ஒரே தடம். 1764-ல் முதல் நான்கு குட்டைக் குழிகளை இரண்டாக இணைத்தார்கள். போகையில் இரண்டு, வருகையில் இரண்டு குறைந்து 18 ஆனது. லீத்தில் அப்போது 5 குழிதான். 1860-ல் பிரிட்டனின் புகழ்பெற்ற ‘ஓபன்’ கோல்ஃப் போட்டி முதன்முதலில் நடந்த பிரெஸ்ட்விக்கில் 12. செயின்ட் ஆண்ட்ரூஸின் செல்வாக்கு வளர வளர மற்றவர்களும் அதன் எண்ணுக்கு வந்தார்கள்.

நம் பக்கம் இந்தச் சொல் எப்போது வந்தது?
– வாசகர், நுவரெலியா

சங்கங்களை வைத்துச் சொன்னால், கல்கத்தாவில் 1829. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழைய கோல்ஃப் சங்கம் அதுதான். கொழும்பில் 1879, உங்கள் ஊரில் 1889, கொடைக்கானலில் 1895. பெயர்கள் எதிர்த்திசையிலும் பயணம் செய்திருக்கின்றன. செயின்ட் ஆண்ட்ரூஸில் பெண்கள் சங்கம் ஆடும் மேடுபள்ளமான புல்தரைக்குப் பெயர் ‘ஹிமாலயாஸ்’.

மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். ‘கோட் கோல்ஃப்’ என்கிறார்கள். அங்கே கோலும் இல்லை, குழியும் இல்லையே?
– வாசகர், பெங்களூரு

எண்ணிக்கை இருக்கிறது. கொடுத்த கணக்கை எத்தனை குறைந்த எழுத்துகளில் நிரல் எழுதித் தீர்க்கிறோம் என்பது போட்டி. அடிகளுக்குப் பதில் விசைத்தட்டல், குறைந்தவர் வென்றார். பெர்ல் என்ற நிரல்மொழிக்காரர்கள் பிரபலமாக்கியது. ஒரு நிரலை ‘கோல்ஃப் செய்தேன்’ என்று அவர்கள் சொன்னால் சுருக்கிவிட்டேன் என்று பொருள். பராமரிக்க வேண்டிய நிரலில் அதைச் செய்தால் அடுத்து வருபவர் திட்டுவார்.